சிறுநீரகம் பார்க்கும் உப்பு, தண்ணீர்க் கணக்கு



இந்தப் பிரசுர வரிசையில் கர்ப்பவதிகள் கவனிப்பு, தடுப்பூசி, பிள்ளைகளுக்கு இடைவெளி விடும் முறைகள் ஆகியவற்றைப் பற்றிப் படித்திருப்பீர்கள். இந்த முறை சிறுநீரகத்தைப் பற்றிச் சொல்ல வருகிறோம். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். ஒருவருக்குப் படிக்க வராவிட்டால் மற்றவர் வாசித்துக் காட்டலாம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை விட்டு வாசிக்கச் சொன்னாலும் சரியே. மூத்திரத்தைப் பற்றிய பேச்சு ஆயிற்றே என்று கூச்சப்பட வேண்டாம். கூச்சத்தாலேயே கெட்டுப்போகிற சிறுநீரகங்கள் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறோம்.

குடும்ப நலம் பேச வந்த இடத்தில் சிறுநீரகத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வயலில் வேலை செய்யும் மனைவி, பிள்ளை பெற்ற தாய், பேதியாகும் குழந்தை ஆகிய இந்த மூன்று பேருக்கும் நம் ஊர்களில் பல வீடுகளில் தண்ணீர் குறைத்துத்தான் கிடைக்கிறது. முதலாமவர் தானே குறைத்துக்கொள்கிறார். மற்ற இருவருக்கும் வீட்டுப் பெரியவர்கள் குறைக்கிறார்கள். இது ஏன் தவறு என்பது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் விளங்கும்.

எங்கே இருக்கிறது? என்ன செய்கிறது?

ஆட்டுக்கறி வாங்குகிறவர்கள் குண்டிக்காயைப் பார்த்திருப்பீர்கள். அவரைக்கொட்டை வடிவில் இருக்கும். நமக்கும் அதே வடிவம்தான், அளவு கொஞ்சம் பெரிது. முதுகுப் பக்கம், கடைசி விலா எலும்பை ஒட்டி, முதுகெலும்புக்கு இரு புறமும் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது. ஒவ்வொன்றும் சுமார் 150 கிராம் எடை.

குடித்த தண்ணீரில் உடம்பு எடுத்துக்கொண்டது போக, மிச்சம் நேராகக் கீழே இறங்கி மூத்திரமாகிறது என்றுதான் அநேகம் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. குடிக்கிற தண்ணீர் முதலில் குடலிலிருந்து ரத்தத்தில் சேர்கிறது. ரத்தத்திலிருந்துதான் சிறுநீரகம் மூத்திரத்தைப் பிரிக்கிறது. பிரிக்கும் முறைதான் ஆச்சரியம்.

போகிக்கு வீட்டை எப்படிச் சுத்தம் செய்கிறோம்? குப்பையை மட்டும் தேடித் தேடிப் பொறுக்குவதில்லை. பானை சட்டி, பாய் தலையணை, பெட்டி எல்லாவற்றையும் வாசலுக்குக் கொண்டுவந்து போடுகிறோம். பிறகு வேண்டியதை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைக்கிறோம். கடைசியில் வெளியே கிடப்பதுதான் கழிவு. சிறுநீரகமும் இப்படித்தான் செய்கிறது. வருஷத்துக்கு ஒரு நாள் அல்ல, ஒவ்வொரு நிமிஷமும்.

எவ்வளவு வெளியே போடுகிறது தெரியுமா? ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டி வெளியே தள்ளுகிறது. 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் அளந்தால் 12 குடம். அந்த நீரோடு சேர்ந்து வெளியே வரும் உப்பு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. கடையில் வாங்குகிற ஒரு கிலோ பாக்கெட் ஒன்றும், இன்னொன்றில் பாதியும்! இத்தனையும் அப்படியே போய்விட்டால் அரை மணி நேரம்கூட மனிதன் தாங்கமாட்டான். ஆனால் போவதில்லை. 12 குடத்தில் ஏறக்குறைய முழுவதையும் சிறுநீரகம் திரும்ப ரத்தத்துக்கே எடுத்துக்கொள்கிறது. ஒன்றரை லிட்டர் போலத்தான் மூத்திரமாக வெளியே விடுகிறது. உப்பும் அப்படியே. ஒன்றரைக் கிலோவில் நாம் அன்றாடம் சாப்பிட்ட சில கிராம் மட்டுமே வெளியேறுகிறது.

ஆகவே சிறுநீரகத்தின் பெரிய வேலை வெளியேற்றுவது என்பதைவிட, திருப்பி எடுப்பது என்பதே பொருத்தம்.

மாங்காயும் உப்பும்

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்குழாய்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குழாயின் தலைமாட்டிலும் ஒரு சின்னச் சல்லடை. அதில் மெல்லிய ரத்தக்குழாய்கள் நூல்கண்டு போலச் சுருண்டிருக்கும். ரத்த அணுக்களும் புரதச் சத்தும் சல்லடையில் தங்கிவிடும். நீரும், உப்பும், சர்க்கரையும், கழிவும் குழாய்க்குள் இறங்கும். இறங்கிய நீர் குழாய் வழியே ஓடும்போதுதான் திருப்பி எடுக்கும் வேலை நடக்கிறது.

தண்ணீரை எப்படித் திருப்பி எடுப்பது? உடம்பில் தண்ணீரைப் பிடித்து இழுக்கும் இயந்திரம் எதுவும் கிடையாது. உப்பை இழுத்தால் தண்ணீர் தானே பின்னால் வரும். இதை நீங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறீர்கள். மாங்காயை நறுக்கி உப்புப் போட்டுப் பிசறி வைத்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விட்டு நிற்கிறதே, அதை யார் ஊற்றினார்கள்? உப்பு இருக்கும் பக்கம் தண்ணீர் போகும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மேலே சொல்லப்போவது எல்லாம் சுலபம்.

குழாயின் முதல் பகுதியில், வடிந்த உப்பிலும் தண்ணீரிலும் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப எடுக்கப்படுகிறது. சர்க்கரைச் சத்து ஒரு துளி விடாமல் எடுக்கப்படுகிறது. குழாயின் சுவரில் உள்ள உயிரணுக்கள் உப்பை ரத்தத்தின் பக்கம் தள்ளுகின்றன, தண்ணீர் பின்தொடர்கிறது.

அடுத்த பகுதி, மலைப்பாதையில் வரும் கொண்டை ஊசி வளைவு மாதிரி கீழே இறங்கித் திரும்பி மேலே ஏறுகிறது. 1862-இல் ஜெர்மானிய மருத்துவர் ஹென்லே இதை விவரித்து எழுதியதால் ஹென்லே வளைவு என்று பெயர். இறங்கும் வழியில் தண்ணீர் மட்டும் கசிந்து வெளியேறும். ஏறும் வழியில் உப்பு மட்டும் வெளியே இறைக்கப்படும், தண்ணீர் வர வழியில்லை. இப்படி இறைத்து இறைத்து, சிறுநீரகத்தின் உட்பகுதி ஒரு உப்பளம் போல ஆகிவிடுகிறது. ரத்தத்தில் உள்ளதைப்போல நான்கு மடங்குவரை கெட்டியான உப்பு நீர் அங்கே தேங்கி நிற்கும். எதற்கு இந்த உப்பளம் என்றால், கடைசிக் கட்டத்தில் தண்ணீரை இழுப்பதற்கு. மாங்காய்க் கதைதான்.

மடை திறப்பவர்

கடைசிப் பகுதியில்தான் கணக்கு. ஏரிப் பாசனம் உள்ள ஊர்களில் மடையைத் திறக்கவும் அடைக்கவும் ஓர் ஆள் இருப்பார். சில ஊர்களில் நீர்பாய்ச்சி என்பார்கள், சில ஊர்களில் நீர்க்கட்டி என்பார்கள். ஏரியில் தண்ணீர் நிறைய இருந்தால் தாராளமாக விடுவார். வற்றினால் கையை இறுக்குவார். சிறுநீரகக் குழாயின் கடைசிப் பகுதியில் இப்படிப்பட்ட மடைகள் இருக்கின்றன. ஆனால் சிறுநீரகம் தன்னிஷ்டத்துக்கு அவற்றைத் திறப்பதில்லை. மேலிடத்து உத்தரவுப்படி செய்கிறது.

முதல் உத்தரவு மூளையிலிருந்து வருவது. இது தண்ணீருக்கு. உடம்பில் தண்ணீர் குறைந்து ரத்தத்தில் உப்பு நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு கெட்டிப்பட்டாலே மூளை கண்டுபிடித்துவிடும். உடனே இரண்டு காரியம் செய்யும். தாகத்தை உண்டாக்கும். அத்துடன் வாசோபிரெசின் என்னும் சுரப்புநீரை ரத்தத்தில் விடும். அது சிறுநீரகத்துக்கு வந்து சேர்ந்ததும், குழாய்ச் சுவரில் தண்ணீருக்கென்றே உள்ள நுண்ணிய வாசல்கள் திறக்கும். உள்ளே உள்ள உப்பளம் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மூத்திரம் குறைந்து, கெட்டியாகி, மஞ்சளாகும். தண்ணீர் தாராளமாகக் குடித்தால் உத்தரவு நின்றுவிடும், வாசல்கள் மூடிக்கொள்ளும், மூத்திரம் வெளுத்து நிறையப் போகும். இந்த வாசல்களைக் கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் அக்ரேக்கு 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாவது உத்தரவு உப்புக்கு. ஒவ்வொரு சிறுநீரகத்தின் தலையிலும் தொப்பி வைத்தாற்போல ஒரு சுரப்பி இருக்கிறது. ரத்தத்தின் அளவு குறைந்து அழுத்தம் இறங்கினால், சிறுநீரகமே ரெனின் என்ற பொருளை விட்டு எச்சரிக்கை கொடுக்கும். அதன் விளைவாகத் தொப்பிச் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டிரோன் கிளம்பிவரும். உப்பை விடாதே, பிடித்து வை என்பது அதன் உத்தரவு. உப்பு நின்றால் தண்ணீரும் நிற்கும் என்பதுதான் நமக்குத் தெரியுமே. ரத்தம் அதிகமாகித் திணறினால் இருதயமே எதிர் உத்தரவு அனுப்பும், உப்பை வெளியே விடு என்று. பெயர்கள் நினைவில் நிற்காவிட்டால் பாதகமில்லை.

ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனியுங்கள். தண்ணீர் உத்தரவு நிமிஷக் கணக்கில் பலிக்கும். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஒதுங்க வேண்டியிருக்கிறதல்லவா? உப்பு உத்தரவுக்கு மணிக்கணக்கில் ஆகும். ராத்திரி கருவாட்டுக் குழம்பும் அப்பளமுமாகச் சாப்பிட்டால், அந்த உப்பு முழுவதும் வெளியேற ஓரிரு நாள்கூட ஆகலாம். அதுவரை அது தன்னோடு தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கும். மறுநாள் காலையில் முகம் உப்பினாற்போல் இருப்பதற்குச் சில பேருக்கு இதுவே காரணம்.

இவ்வளவு கெட்டிக்கார உறுப்புக்கு ஒரு குறை உண்டு. அதற்குச் சிக்கனம் பண்ணத் தெரியுமே தவிர, சம்பாதிக்கத் தெரியாது. இருக்கிற தண்ணீரைக் காப்பாற்றும், இல்லாத தண்ணீரை உண்டாக்காது. எவ்வளவு சிக்கனம் பண்ணினாலும் கழிவை வெளியேற்ற ஒரு நாளைக்குக் குறைந்தது அரை லிட்டர் மூத்திரமாவது போய்த்தான் ஆகவேண்டும். அதற்கும் கீழே போனால் கழிவு ரத்தத்திலேயே தங்கிவிடும்.

வெயிலில் வேலை செய்கிற பெண்கள்

கிராமக் கூட்டங்களில் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, நடவுக்கோ களையெடுக்கவோ போனால் எத்தனை தரம் தண்ணீர் குடிப்பீர்கள் என்பது. முதலில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பிறகு யாராவது ஒரு வயதான அம்மா சொல்வார்: “தண்ணி குடிச்சா ஒதுங்கணும் அய்யா. வரப்புல மறைவு ஏது? ஆம்பளைங்க நிக்கிறாங்க. விடியக்காலம் வீட்டுல குடிக்கிறதோட சரி. பொழுது சாய வந்துதான் பாக்கணும்.” சுற்றி உட்கார்ந்திருக்கும் மற்ற பெண்கள் எல்லோரும் தலையை ஆட்டுவார்கள்.

கடும் வெயிலில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் அளவுக்குக்கூட வியர்வை போகும். வியர்வையில் உப்பும் போகும். முன் சொன்ன இரண்டு உத்தரவுகளும் உச்சத்தில் இருக்கும், மூத்திரம் கடுங்காப்பி நிறமாகும். ஒரு நாள் என்றால் சிறுநீரகம் சமாளித்துவிடும். வருஷக்கணக்கில் தினமும் இப்படி என்றால் சமாளிப்பது கடினம். எல் சால்வடார், நிகரகுவா நாடுகளின் கரும்புக் காடுகளிலும், இலங்கையில் அனுராதபுரம் பக்கத்து நெல் விவசாயிகளிடமும், ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இல்லாத உழைப்பாளிகளுக்கே சிறுநீரகம் பழுதாவதை மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். ஒரே காரணம் என்று அவர்கள் முடிவு கட்டவில்லை. ஆனால் வெயிலில் உடம்பு நீர் வற்றி வற்றி உழைப்பது, முக்கியமாகச் சந்தேகிக்கப்படும் காரணங்களில் ஒன்று.

இது போதாதென்று மூத்திரத்தை அடக்கிவைப்பதால் கிருமி சேர்ந்து நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வருகின்றன. கர்ப்பிணிக்கு வந்தால் குறைமாதப் பிரசவம் வரை கொண்டுபோய் விடும்.

கணவன்மார்களே, இது உங்கள் காதுக்கு. மனைவி தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் தாகம் இல்லாதது அல்ல, மறைவு இல்லாதது. வீட்டில் கழிப்பறை இல்லாவிட்டால் அதைக் கட்டுவதை அடுத்த அறுவடைக்குத் தள்ளிவைக்காதீர்கள். வயலில் நான்கு கம்பு நட்டுப் பழைய சாக்கோ தென்னங்கீற்றோ கட்டினால் அரை மணி நேர வேலை. பத்துப் பெண்களுக்கு உதவும். கூலிக்கு ஆள் வைக்கிற நிலக்காரர்களும் இதைச் செய்யலாம், செலவு ஒன்றும் இல்லை.

தாகம் எடுத்தபின் குடிப்போம் என்று இருக்காமல், அரை மணிக்கு ஒரு தரம் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடிக்கவும். பல மணி நேரம் வியர்த்துக் கொட்டுகிறவர்கள் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைசுற்றல், குமட்டல் வரும். உப்புப் போட்ட நீராகாரம், கம்பங்கூழ், மோர் ஆகியவை இதற்கு மிக ஏற்றவை. நம் முன்னோர் காட்டுக்குத் தூக்குவாளியில் கொண்டுபோனது சும்மா இல்லை. இளநீர் நல்லதுதான். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சாதாரண உப்பு குறைவு. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்கள் இளநீர் குடிக்கக் கூடாது. அவர்களும் இருதய நோயாளிகளும் டாக்டர் சொல்லும் அளவுக்குமேல் தண்ணீரும் குடிக்கக் கூடாது.

இன்னும் இரண்டு விஷயம். வேலை முடிந்து வந்ததும் உடம்பு வலி என்று கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுகிறோம். டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கக்கூடியவை. உடம்பில் நீர் வற்றியிருக்கும் சமயத்தில் போட்டால் ஒரே நாளில்கூட சிறுநீரகம் அடிபடலாம். தினசரிப் பழக்கமாக வைத்துக்கொள்ளவே கூடாது. அடுத்தது சாராயம். அலுப்புத் தீர என்று ஆண்கள் சாயந்திரம் குடிப்பது, மூளையின் தண்ணீர் உத்தரவையே நிறுத்திவிடுகிறது. வாசல்கள் மூடிக்கொள்ளும், காப்பாற்ற வேண்டிய தண்ணீர் மூத்திரமாக ஓடும். காலையில் நாக்கு வறண்டு தலை வலிப்பதில் இதற்கும் பங்கு உண்டு. வற்றிய ஏரியின் மடையை உடைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

கர்ப்பிணியும் பிள்ளை பெற்ற தாயும்

கர்ப்பகாலத்தில் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிறது. தாயின் ரத்தமும் ஒரு லிட்டருக்குமேல் பெருகுகிறது. பிள்ளைக்கும் நஞ்சுக்கும் ரத்தம் போய்ச் சேர இது தேவை. இதற்காகவே உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கச் சொல்லும் உத்தரவு இந்த மாதங்களில் பலமாக இருக்கும். கடைசி மாதங்களில் சாயந்திரம் கால் கொஞ்சம் வீங்கி, படுத்து எழுந்தால் வற்றுவது பெரும்பாலும் இதனால்தான். இதற்குப் பயந்து உப்பை அடியோடு நிறுத்துவதும், தண்ணீரைக் குறைப்பதும், பக்கத்து வீட்டாருக்கு டாக்டர் கொடுத்த ‘நீர் போகும் மாத்திரை’யை வாங்கிப் போடுவதும் கூடாது. அந்த மாத்திரைகளில் சில, உப்பளத்துக்கு உப்பு இறைக்கும் வேலையையே நிறுத்திவிடும். இருதய நோயாளிக்கு அது மருந்து. காரணமில்லாமல் கர்ப்பிணிக்குக் கொடுத்தால் பிள்ளைக்குப் போக வேண்டிய ரத்தம் குறையும். பார்லித் தண்ணீர் குடிப்பதில் தவறில்லை. ஆனால் அதைக் குடித்தாயிற்று என்று பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

ஏனென்றால் எல்லா வீக்கமும் சாதாரண வீக்கம் அல்ல. முகமும் கைவிரலும் திடீரென வீங்குவது, விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி, மூத்திரம் குறைவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போகவும். ராத்திரியானால் 108-க்கு போன் செய்யவும். ரத்தக் கொதிப்பு 140/90 அல்லது அதற்கு மேல் இருந்து, மூத்திரத்தில் புரதமும் போனால், ஜன்னி கண்டு தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து நேரும். சிறுநீரகத்தின் சல்லடை அடிபட்டதற்கு அடையாளம் அந்தப் புரதம்.

பிரசவம் ஆனபின், சேர்த்துவைத்த நீரைச் சிறுநீரகம் சில நாட்களில் வெளியேற்றுகிறது. மூத்திரம் அதிகமாகப் போகும், ராத்திரி வியர்த்துக் கொட்டும். இந்தச் சமயத்தில்தான் நம் வீடுகளில், “தண்ணி குடுத்தா வயிறு பெருத்துடும், புண்ணு ஆறாது” என்று பெரியவர்கள் கட்டுப்பாடு வைக்கிறார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள், ஆனால் சரியில்லை. குடித்த தண்ணீர் வயிற்றிலேயே தங்குவதில்லை என்பதை மேலே பார்த்தோம். வயிறு தளர்ந்திருப்பது கர்ப்பப்பையும் தசையும் சுருங்கும்வரைதான். பால் கொடுக்கும் தாய்க்குத் தினமும் முக்கால் லிட்டர் போலப் பாலாகவே போய்விடும். மூத்திரத்துக்கும் வியர்வைக்கும் வேறு வேண்டும். தண்ணீரைக் குறைத்தால் தாய்க்கு மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும்தான் மிச்சம். மாமியார் முன்னால் மருமகள் இதைப் பேசமுடியாது. கணவன் பேசலாம். குழந்தைக்குப் பால் கொடுக்க உட்காரும் ஒவ்வொரு தரமும் ஒரு டம்ளர் தண்ணீரைப் பக்கத்தில் வைப்பது அவர் வேலையாக இருக்கட்டும்.

பேதியாகும் குழந்தை

பச்சைக் குழந்தையின் சிறுநீரகத்துக்கு இன்னும் உப்பளம் சரியாக அமையவில்லை. பெரியவர்களின் சிறுநீரகம் மூத்திரத்தைக் கெட்டியாக்குவதில் பாதி அளவுக்குத்தான் அதனால் முடியும். அதாவது சிக்கனம் பண்ணத் தெரியாத வயது. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர், உப்பு மிகக் குறைவு. அந்தச் சிறுநீரகத்துக்கென்றே அளந்து வைத்தது போல. ஆகவே 6 மாதம்வரை கோடைகாலத்தில்கூடத் தாய்ப்பால் ஒன்றே போதும், சர்க்கரைத் தண்ணீர், கருப்பட்டித் தண்ணீர் எதுவும் வேண்டாம். பால்மாவு கொடுக்க நேர்ந்தால், சத்து கூடட்டும் என்று கெட்டியாகக் கரைக்கக் கூடாது.

வாந்தி பேதி கண்டால், தண்ணீர் கொடுக்காமல் இருந்தால் பேதி நின்றுவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பேதி நிற்காது, குழந்தைதான் துவண்டுவிடும். போகும் நீரையும் உப்பையும் உடனுக்குடன் ஈடு செய்யவேண்டும். இதற்குத்தான் ஓ.ஆர்.எஸ். பாக்கெட். அதில் உப்போடு குளுக்கோஸ் சர்க்கரை ஏன் சேர்த்திருக்கிறது? சிறுநீரகக் குழாயின் முதல் பகுதியில் சர்க்கரையும் உப்பும் கைகோத்துத்தான் உள்ளே நுழைகின்றன. குடலிலும் அதே ஏற்பாடு உண்டு. பேதியின்போது மற்ற வழிகள் கெட்டாலும் இந்த வழி கெடாது. சர்க்கரை உப்பை இழுக்கும், உப்பு தண்ணீரை இழுக்கும். 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஊசிவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோகவே, டாக்டர் திலீப் மகலனபிஸ் இந்தக் கரைசலை டிரம் டிரம்மாகக் கலந்து, உறவினர்களைக் கொண்டே நோயாளிகளுக்குப் புகட்டச் செய்தார். 100-க்கு 30 பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் சாவு 4-க்கும் கீழே இறங்கியது. புகட்டியவர்கள் டாக்டர்கள் அல்ல, நம்மைப் போன்ற தாய் தகப்பன்மார்.

ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரு லிட்டர் பாக்கெட்டை முழுவதும் கொட்டிக் கரைக்கவும். பாதி பாதியாகப் பிரிக்க வேண்டாம், அளவு தவறினால் உப்பு கூடிவிடும். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்கும் பின் கால் டம்ளர் முதல் அரை டம்ளர் வரை, பெரிய குழந்தைக்கு அரை முதல் ஒரு டம்ளர் வரை, கரண்டி கரண்டியாகக் கொடுக்கவும். வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் பொறுத்து மறுபடி கொடுக்கவும். கரைத்தது ஒரு நாளுக்குமேல் ஆனால் கீழே ஊற்றிவிடவும். பாக்கெட் கிடைக்கும்வரை, ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. நர்ஸ் கொடுக்கும் துத்தநாக மாத்திரையைப் பேதி நின்றாலும் 14 நாள் கொடுக்கவும். கண் குழி விழுந்து, நாக்கு வறண்டு, 6 மணி நேரமாக மூத்திரமே போகாமல் குழந்தை சோர்ந்து கிடந்தால் வீட்டு வைத்தியம் போதாது. உடனே தூக்கிக்கொண்டு வரவும்.

அன்றாடச் சமையலில் உப்பு

வியர்வை சிந்தாத நாளிலும் அதே உப்பைச் சாப்பிட்டால் என்ன ஆகும்? சிறுநீரகம் மெல்ல வெளியேற்றும். ஆனால் வருஷக்கணக்கில் கூடுதலாக வந்துகொண்டே இருந்தால் ரத்தக் கொதிப்பு ஏறும். ரத்தக் கொதிப்பு ஏறினால் சல்லடை கிழியும். ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம், அதாவது தலை தட்டிய ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஊறுகாய், கருவாடு, அப்பளம், வற்றல், பாக்கெட் நொறுக்குத்தீனி எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும். இந்துப்பு என்றால் கெடுதல் இல்லை என்பதும் தப்பு, அதுவும் இதே உப்புதான். மேலும் கடையில் விற்கும் இந்துப்பு எல்லாவற்றிலும் அயோடின் சேர்த்திருப்பதில்லை.

கர்ப்பத்தடை மாத்திரையான மாலா-என் சாப்பிட விரும்பும் பெண்கள், தொடங்குமுன் ரத்தக் கொதிப்பு பார்த்துக்கொள்ளவும். அதில் உள்ள சுரப்புநீர்ச் சத்து சிலருக்கு உப்பையும் நீரையும் கொஞ்சம் தக்கவைத்து அழுத்தத்தை ஏற்றும். ஏற்கெனவே கொதிப்பு உள்ளவர்களுக்கு வேறு முறைகள் இருக்கின்றன, நர்ஸம்மாவைக் கேட்டால் சொல்வார். கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருகிறார்கள். வாங்கிப் பெட்டியில் வைக்காமல் சாப்பிடவும்.

சர்க்கரை நோய் பற்றி ஒரு வார்த்தை. ரத்தத்தில் சர்க்கரை அளவு மீறினால் குழாயின் முதல் பகுதியால் முழுவதையும் திருப்பி எடுக்க முடியாது. மிஞ்சிய சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு மூத்திரமாகப் போகும். அடிக்கடி மூத்திரம், தீராத தாகம், மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்ப்பது என்று இருந்தால் பரிசோதனை செய்துகொள்ளவும்.

மூத்திரப் பரிசோதனைக்கு வருகிறவர்கள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூத்திரப் பரிசோதனை இலவசம். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை உள்ளவர்களும், பல வருஷமாக வெயிலில் வேலை செய்கிறவர்களும் வருஷம் ஒரு முறையாவது பார்த்துக்கொள்வது நல்லது. கர்ப்பிணிகளுக்கு ஒவ்வொரு பரிசோதனையின்போதும் பார்க்கப்படும். காலையில் எழுந்து முதலில் போவதைக் கொண்டுவந்தால் நல்லது. ராத்திரி முழுவதும் தண்ணீர் உத்தரவு நடப்பில் இருப்பதால் அது கெட்டியாக இருக்கும், கொஞ்சம் புரதம் போனாலும் தெரிந்துவிடும். முதலில் சிறிது விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கவும். வாயகன்ற சுத்தமான பாட்டிலில் கொண்டுவரவும். இருமல் மருந்து பாட்டிலையும் ஊறுகாய்ப் பாட்டிலையும் சும்மா அலசிவிட்டு எடுத்து வருகிறார்கள். அதில் ஒட்டியிருக்கும் மிச்சத்தால் இல்லாத சர்க்கரை நோய் இருப்பதாகத் தெரிந்து, வீடே கலங்கிப்போகிறது. பாட்டில் இல்லாவிட்டால் வெறுங்கையோடு வரவும், நிலையத்திலேயே கொடுப்பார்கள். கர்ப்பிணிகள் தாய் சேய் நல அட்டையை எடுத்து வரவும்.